மூன்றாவது செயற்கைக்கோள்

பிற்பகல் இரண்டரை மணிக்குத் தலைக்கு மேலே அந்த மூன்று செயற்கைக்கோள்களில் ஒன்றுகூட இல்லை. கணினித் திரையில் மூன்று புள்ளிகளும் பூமியின் மறுபக்கத்தில், பசிபிக் கடலுக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது. டொக். டொக். டொக். பிறகு ஒரு மூச்சு நேர அமைதி.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, பனிமூட்டம் ஜன்னல்வரை ஏறி நின்ற மலையில் இருந்த அந்தச் சிறிய வானொலி நிலையத்தில் தேனுஜா பொறியியலாளர். அறுபது வருடங்களுக்கு முன் ஓர் ஏவுகணையின் தலையிலிருந்த குண்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்று இராணுவ ஆய்வுச் செயற்கைக்கோள்களை அடுக்கி ஒன்றாக அனுப்பியிருந்தார்கள். இரண்டு சில மாதங்கள் பேசி ஓய்ந்தன. மூன்றாவது வாயே திறக்கவில்லை.

இந்தச் சத்தம் மூன்றாவதின் அலைவரிசையில் வந்தது.

அன்டெனா மோட்டர்களைப் பராமரிக்கும் ஜேசுரட்ணம் வீட்டுக்குக் கிளம்பி, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒருக்கா இதைக் கேட்டுச் சொல்லுங்கோ. உங்கட மோட்டரின்ர இரைச்சலோ?"

"மகளின்ர பள்ளிக்கூடத்தில ரீச்சரைச் சந்திக்க டெர்மின் இருக்குப் பிள்ளை."

"ரெண்டு நிமிசம்தான்."

சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினார். ஹீட்டரில் தூசி கருகும் மணம், அதற்கடியில் ஈர இரும்பு போன்ற இன்னொரு மணம். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. ஆள்காட்டி விரல் மேசையில் அந்தத் தாளத்தைத் தட்டத் தொடங்கியது. நகம் பிளந்தது. விரல் நிற்கவில்லை.

"அண்ணை, கழட்டுங்கோ!"

"ஏலாது. இது காதால வரேல்ல, பிள்ளை."

அவள் மின்சாரத்தைத் துண்டித்தாள். திரைகள் செத்தன. ஒலிபெருக்கி அடங்கியது. விரல் மட்டும் தட்டியது.

பிறகு அவர் பெரிய ஸ்பானரை எடுத்தார். முதலில் சுவரில். அடுத்தது தன் முழங்காலில். அடுத்தது பற்களில்.

அவள் பக்கம் திரும்பினார். கண்கள் அழுதுகொண்டிருந்தன.

"ஓடு."

வாய் நிறைய இரத்தம். கை ஓங்கியது. அவளுடைய தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

களஞ்சிய அறை. கதவு. தாழ்ப்பாள்.

டொக். டொக். டொக்.

கதவின் தகடு அடிக்கு அடி உள்ளே வளைந்தது. ஒற்றைக் கையால் கைபேசியில் அவசர எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அருகில் வைத்தாள். ஒரு பெண் நிதானமான ஜெர்மனில் பேசினாள். தேனுஜா முகவரி சொன்னாள். என்னைக் கொல்ல வருகிறார் என்றாள்.

"வண்டி புறப்பட்டுவிட்டது. தொடர்பிலேயே இருங்கள். அவர் இன்னும் கதவை அடிக்கிறாரா?"

"அடிக்கிறார். உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"கேட்கிறது. ஆனால் அது உங்கள் பக்கத்திலேயே கேட்கிறதே."

தேனுஜா கதவைப் பார்த்தாள். அது அசையவில்லை. கதவின் அடியிலிருந்து இரத்தம் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் எப்போதோ விழுந்திருக்க வேண்டும்.

டொக்.

இரும்பு அலமாரியின் விளிம்பில் அவளுடைய தலைமயிர் ஒட்டியிருந்தது.

டொக்.

நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணை மறைத்தது. கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த கையையும் இழுத்துக்கொண்டு தலை முன்னே போனது.

டொக்.

"சத்தத்தைக் கேட்காதேங்கோ!" தமிழில் கத்தினாள். "போனை வையுங்கோ!"

மறுமுனையில் பேச்சு நின்றிருந்தது. மேசையில் யாரோ பேனாவால் தட்டும் சத்தம். மூன்று தட்டு. அமைதி. மூன்று தட்டு.

பிறகு அடுத்த மேசையில். அதற்கும் அடுத்த மேசையில்.