கையை எடுத்துட்டியா?

"விளக்கு எரியுது, ராதே" என்றாள் தேசா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

முன்னால் நின்ற ராதிசாவ், என்ஜினைக் கையால் சுற்றும் நட்டில் ஸ்பேனரை இன்னும் மாட்டவே இல்லை. "நான் சுத்தவே ஆரம்பிக்கலையே."

"அது எனக்கென்ன தெரியும். எரியுது, அணையுது. திரும்ப எரியுது."

அந்தப் பழைய லாடா காரின் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரே பெட்ரோல் பீய்ச்சும்படி மாற்றத் தொடங்கியது அவனும் தேசாவின் கணவன் மோமிரும். எந்த சிலிண்டரின் முறை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைக் குடைந்து, உள்ளே ஒற்றைப் பல்லை விட்டு, மோமிர் தன் கையால் செய்தது அது. பல் சென்சாரைக் கடந்தால், இப்போது தேசாவின் மடியிலிருந்த லேப்டாப்பில் பச்சை விளக்கு எரியும். என்ஜின் சுற்றாமல் பல் நகராது.

"வயர்ல ஏதோ கோளாறு" என்றான். எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டினான். இக்னிஷன் காயிலை ஒட்டிப் போன வயரைத் தள்ளிக் கட்டினான். கராஜுக்கு வெளியே நவம்பர் மூடுபனி பகலையே தின்றுகொண்டிருந்தது. காலையில் மோமிரின் வருஷ நினைவுக்குக் கல்லறையில் படைத்த இனிப்புக் கோதுமையின் வாசமும் மெழுகு வாசமும் அவன் விரல்களில் ஒட்டியிருந்தன, பெட்ரோலில் கழுவியும் போகாமல்.

"இப்ப?"

"எரியுது."

சென்சாரின் பிளக்கையே பிடுங்கினான். "இப்ப?"

"எரியுது. மெதுவா. யாரோ கையால சுத்துற மாதிரி."

மோமிர் அப்படித்தான் சுற்றுவான். கால் சுற்று, ஒரு மூச்சு, கால் சுற்று. போன வருஷம் இதே சென்சாருக்காக முன்னால் குனிந்திருந்தான். சாவி ராதிசாவிடம் இருந்தது. சாவி வைத்திருப்பவன் "கையை எடுத்துட்டியா?" என்று கேட்க வேண்டும், முன்னால் நிற்பவன் "எடுத்துட்டேன்" என்ற பிறகே திருப்ப வேண்டும். அது அந்தக் கராஜின் சட்டம். அன்று வாய்ச்சண்டை முற்றி, "உனக்கு இதெல்லாம் வராதுடா, சாவியை மட்டும் திருப்பு" என்று மோமிர் சிரித்தான். ராதிசாவ் கேட்கவில்லை. திருப்பினான். பெல்ட் முதலில் சட்டைக்கையைப் பிடித்தது, பிறகு கழுத்து மஃப்ளரை.

"எடுத்துட்டேன்னு அவன் சொன்னான். நான் கேட்டேன்." போலீசிடமும் பாதிரியாரிடமும் தேசாவிடமும் கூசாமல் சொன்னான்.

டிக்.

குனிந்து பார்த்தான். ரேடியேட்டர் மேல் வைத்த ஸ்பேனர் நட்டில் மாட்டியிருந்தது. அதன் பிடி தானாக உயர்ந்தது. கால் சுற்று. கன்னத்தில் ஒரு மூச்சு, மோமிர் குடிக்கும் பிளம் சாராய வாசத்தோடு. மறுபடி கால் சுற்று.

ஸ்பேனரைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டான். வரவில்லை. கையும் வரவில்லை. சட்டைக்கை பெல்ட்டுக்குள்.

"ராதே, கையை எடுத்துட்டியா?" என்றாள் தேசா, சாவியில் கை வைத்தபடி.

இல்லை என்று கத்தினான். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

அவன் காதருகே, நிதானமாக:

"எடுத்துட்டேன்."

மோமிரின் குரல்.

பானட்டைக் கழற்றி வைத்திருந்ததால் தேசாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் தலை நிமிர்ந்தது. அவளுக்கும் கேட்டிருந்தது. சிக்கியிருந்த கையைப் பார்த்தாள். அவன் திறந்த வாயைப் பார்த்தாள்.

"எடுத்துட்டேன்னு அவன் சொன்னான், ராதே" என்றாள். "நான் கேட்டேன்."

சாவியைத் திருப்பினாள்.