இளகிப்போன கஞ்சி

திண்டிவனத்தில், மரக்காணம் சாலையோரத்து மாடியில் இருந்த அந்தச் சிறிய உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குள் ஜெசிந்தா நுழைந்தாள். அவள் கையில் ஒரு மாவுப் பொட்டலம் கசங்கிக்கொண்டிருந்தது.

“என் தங்கச்சி வூட்டுல மீந்த மாவு இது. இதுல பொன்னி இன்னாவோ கலந்துட்டாம்மா. அத மட்டும் நிரூபிச்சிக் குடுங்க” என்றாள், உட்காருவதற்கு முன்பே.

இசைவாணி பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்தார். பால் பண்ணை ஒன்றில் நெடுங்காலம் கிருமிகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்தமாக இந்தக் கூடத்தை நடத்தி வந்தார். எந்தச் செய்தியையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். அவருடைய உதவியாளன் சித்தார்த்தன் அதற்கு நேர்மாறு. முதல் வாக்கியத்திலேயே குற்றவாளியைப் பிடித்துவிடுவான்.

ஜெசிந்தா காணையில் குழந்தைகளுக்கான சத்துமாவு தயாரித்து விற்பவள். தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளுக்கு ஊட்டும், கேழ்வரகும் பயறும் வேர்க்கடலையும் சேர்ந்த மாவு.

“கேப்பை, பாசிப்பயறு, மல்லாட்டை. எல்லாத்தையும் என்கிட்ட வேல பாக்கற மலர்விழி வறுத்துக் குடுப்பா. மில்லுல அரைச்சி வந்தப்புறம் கலக்கறதும் கவர்ல போட்டு ஒட்டறதும் நான்தான். வேற யார் கையும் படாது. அடுப்பே வேணாம்மா, வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக் கலக்கி ஊட்டிடலாம். அதுக்குத்தான் என் மாவுக்கு இவ்ளோ பேரு.”

இப்போது அந்த மாவைச் சாப்பிட்ட மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அவர்களில் ஒருவன் அவளுடைய தங்கை அமலாவின் மகன். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் அவனுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“பொன்னி யார்?”

“என்கூட ஒண்ணா மாவு போட்டுக்கினு இருந்தவ. பிரிஞ்சி போயி அனந்தபுரத்துல தனியாப் போடறா. நான் முன்னேறறது அவளுக்குப் பொறுக்கல. பொறாமைம்மா, வேற இன்னா? போன வாரம் நான் இல்லாத நேரமாப் பாத்து என் ஷெட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கா.”

“இந்த மாவு இன்னும் யார் யார் வீட்டில் இருக்கிறது?” என்று கேட்டார் இசைவாணி.

“கடைக்குப் போடறத எல்லாம் நிறுத்திட்டேம்மா.”

இசைவாணி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு காணைப் பகுதிச் சுகாதாரச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த மாவை யாரும் ஊட்ட வேண்டாமென்று சொல்லச் செய்தார். அது எந்தெந்த வீட்டில் இருக்கிறதென்று தெரியாமல் எத்தனை பேரிடம் சொல்லிவிட முடியும் என்ற கவலை அவருக்கு இருந்தது.

மறுநாள் இசைவாணியும் சித்தார்த்தனும் மருத்துவமனை வராந்தாவில் அமலாவைச் சந்தித்தார்கள். தூக்கமில்லாமல் அவள் கண்கள் வீங்கியிருந்தன.

“அக்கா மாவு எப்பவும் கெட்டியாப் பூடும் மேடம். புள்ள துப்பிடுவான். அதான் அக்காவுக்குத் தெரியாம பொன்னிக்கா மாவு வாங்கினேன். அது தண்ணியா, இனிப்பா இருக்கும். ஒரு நாளு அக்கா வந்தப்ப சமையக்கட்டுல அந்தக் கவரப் பாத்திடிச்சி. ஒரு வார்த்த கேக்கல. மொகம் மட்டும் செத்துப் போச்சி. அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சி தானே ஒரு கவரு எடுத்தாந்து, தன் கையால கலக்கி ஊட்டிச்சி. இந்தத் தடவ இன்னும் ஒரு ஸ்பூன் போட்டாலும் கெட்டியாவல. புள்ள மடக்கு மடக்குனு குடிச்சான். ‘பாத்தியா, யார் மாவு நல்லாருக்குது?’ன்னு அக்கா கேட்டுச்சி.”

அதைச் சொன்னதும் அவள் அழுதுவிட்டாள்.

மற்ற இரண்டு வீடுகளுக்கும் போனார்கள். அந்த வீட்டுப் பெண்களும் அண்மையில் பொன்னியின் மாவுக்கு மாறியவர்கள்தான்; ஆனால் கடைசியாக ஊட்டியது ஜெசிந்தா நேரில் கொண்டுவந்து கொடுத்த மாவு. ஒரு வீட்டில் அவள் கொடுத்த பிரிக்காத பொட்டலம் ஒன்று கிடைத்தது. காணைக் கடையில் அதே பெயரிட்ட இன்னொரு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஜெசிந்தாவின் ஷெட்டில் மலர்விழி வாணலியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொன்னி வந்தது உண்மைதான் என்றாள். “என்னைய வேலைக்குக் கூப்ட வந்துச்சி. வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுச்சி. உள்ளார வரல” என்றாள். பின்பக்கக் கொடியில் ஈரச் சாக்கு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதன் இழைகளில் வெள்ளை மயிர் போல ஏதோ ஒட்டியிருப்பதை இசைவாணி நின்று பார்த்தார்.

திரும்பும் வழியில் சித்தார்த்தனால் அடக்க முடியவில்லை.

“மேடம், தெளிவாத் தெரியுதே! நோய் வந்த மூணு வீடும் பொன்னியோட வாடிக்கை. தன்ன விட்டுட்டுப் போறாங்களேன்னு வயித்தெரிச்சல்ல அவதான் பண்ணியிருக்கா.”

“அந்த மூன்று வீடுகளுக்கு எந்தப் பொட்டலம் போகப்போகிறது என்று பொன்னிக்கு எப்படித் தெரியும், சித்தார்த்தன்?”

அவன் வண்டியைத் திண்டிவனம் பக்கம் திருப்பினான்.

மாவுகளை இட்டு வைத்த கண்ணாடித் தட்டுகளில் கிருமிகள் வளர்ந்து முடிந்ததும் விடை தெரிந்தது. கடைப் பொட்டலம் சுத்தமாக இருந்தது. ஜெசிந்தா கொண்டுவந்ததிலும், நோய் வந்த வீட்டில் எடுத்த பிரிக்காததிலும்கூட, அசுத்தமான நீரிலும் கழுவாத கையிலும் வரும் கிருமிகள் மண்டியிருந்தன. இசைவாணி உடனே எல்லாரையும் ஜெசிந்தாவின் ஷெட்டுக்கு வரச் சொன்னார்.

பொன்னி வந்து, ஜெசிந்தாவைப் பார்க்காமல் கதவோரம் நின்றாள். மலர்விழி அடுப்பருகே நின்றாள். மேசைமேல் இசைவாணி மூன்று கிண்ணங்களை வைத்து, மூன்றிலும் மாவைச் சூடான தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தார்.

“முதல் கிண்ணத்தில் கடையில் வாங்கிய ஜெசிந்தாவின் மாவு. இரண்டாவதில் நோய் வந்த வீட்டில் எடுத்தது. மூன்றாவதில் பொன்னியின் மாவு. கொஞ்சம் பொறுங்கள்.”

சிறிது நேரம் கழித்து அவர் கரண்டியை எடுத்தார். முதல் கிண்ணத்துக் கஞ்சி களிபோலக் கரண்டியில் நின்றது. இரண்டாவதும் மூன்றாவதும் மோர் போல ஒழுகின.

பொன்னி சட்டென்று நிமிர்ந்தாள். “அது என்னோட பக்குவமாச்சே!”

“ஆமாம். முளைகட்டி வறுக்காமல் அரைத்த கேழ்வரகு. அதிலிருக்கும் சத்து கஞ்சியை இளக்கும், இனிப்பாக்கும். வறுத்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும். ஆகவே வறுத்த மாவோடு யாரோ பச்சையாகவே இதைக் கலந்திருக்கிறார்கள். பிரிக்காத பொட்டலத்திலும் அது இருந்தது. அப்படியானால் ஒட்டுவதற்கு முன்பே உள்ளே போயிருக்கிறது. மேலே தூவியதுமில்லை. எங்கே அள்ளினாலும் ஒரே சீராகக் கலந்திருக்கிறது. கலப்பவரும் ஒட்டுபவரும் யார்?”

மலர்விழியின் பார்வை தரைக்குப் போனது.

“பின்பக்கத்துச் சாக்கில் முளையின் வேர்கள் ஒட்டியிருந்தன. இந்தப் பொட்டலங்கள் கடைக்கே போகவில்லை. பொன்னியிடம் மாறிப்போன வீடுகளுக்கு மட்டும் கையோடு போயிருக்கின்றன. அவர்களைத் திரும்பப் பெற யாருக்கு ஆசை? ஜெசிந்தா, எந்த வீட்டில் மாவு இருக்கிறது என்று முதல்நாளே கேட்டேன். நீங்கள் கடையைப் பற்றிப் பதில் சொன்னீர்கள்.”

ஜெசிந்தா மேசையை நோக்கி முன்னே வந்தாள். “நான் வெசமா வெச்சேன்? அவ மாவுலயும் அதானே இருக்குது! அதத் தின்ன பசங்களுக்கு ஒண்ணும் ஆவலியே!”

“என் கவர்ல எழுதியிருக்கறதப் படிச்சியா நீ?” பொன்னி குரலை உயர்த்தினாள். “அடுப்புல வெச்சி நல்லாக் கொதிக்க வுடணும்னு எழுதியிருக்கேன்.”

“அதுதான் வித்தியாசம்” என்றார் இசைவாணி. “ஈரச் சாக்குக்குள் தானியம் முளைக்கும்போது கிருமியும் கூடவே பெருகும். நிழலில் உலர்த்தினால் சாகாது, நெருப்பில்தான் சாகும். பொன்னியின் மாவில் மீதி வேலையைத் தாயின் அடுப்பு செய்துவிடுகிறது. உங்கள் மாவுக்கோ அடுப்பே கிடையாது. அவர் பக்குவத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.”

ஜெசிந்தா பொன்னியை நோக்கிக் கை நீட்டினாள்.

“என் தங்கச்சிம்மா அவ. அவ வூட்டுல இவ கவரு. யார் வூட்டுல பாத்திருந்தாலும் பொறுத்திருப்பேன். ராவும் பகலும் அந்தக் கவருதான் கண்ணுல நின்னுச்சி. இவளவிட ருசியாப் போட்டுக் காட்டணும்னு இருந்தேனே தவிர… என் கையாலயே ஊட்டினேனே அவனுக்கு!”

“அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. இன்னும் யார் வீட்டில் இருக்கிறது? சொல்லுங்கள்.”

அவள் விக்கிக்கொண்டே சொன்னாள். பெரும்பாக்கத்தில் ஒரு வீடு, காலனியில் இரண்டு, அனந்தபுரம் சந்தைக்குப் பின்னால் ஒன்று. சித்தார்த்தன் வண்டிச் சாவியை எடுப்பதற்குள் பொன்னி வெளியே போய்த் தன் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

“எல்லாம் என் வாடிக்கை வூடுங்கதான், எனக்கு வழி தெரியும். ஏறுடி ஜல்தி” என்றாள் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்க்காமல்.

வீடு வீடாக இறங்கிப் பொட்டலங்களை வாங்கினார்கள். ஒரு குழந்தைக்கு அன்று காலையிலிருந்துதான் வயிறு கெட்டிருந்தது. சித்தார்த்தன் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கு விரைந்தான். மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் அமலா ஜெசிந்தாவைத் தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகன் கண் விழித்துப் பால் கேட்டதாகச் சொன்னாள். ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை வீடு திரும்பியதும் அமலா முன் போய் நின்று எல்லாவற்றையும் சொல்வதாகவும், இசைவாணி சரியென்று சொல்லும்வரை வாணலியைத் தொடுவதில்லை என்றும் அவள் ஒப்புக்கொண்டாள்.

கடைசி வீடு, அனந்தபுரத்தில் கலைப்பிரியாவின் வீடு. மாவை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. ஆனாலும் கொடுக்க மனமில்லாமல் நின்றாள்.

“இத வுட்டுட்டு எத ஊட்டறது? பொன்னிக்கா, கோச்சிக்காத. உன் மாவ நாங்க வேண்டா வெறுப்பாத்தான் வாங்குவோம். இளகறதுக்காவ வாங்கறது. மணம்னா ஜெசியக்கா வறுவல்தான்.”

பொன்னியின் முகம் சட்டென்று வாடியது. பொட்டலத்தை வாங்கிப் பையில் திணித்தாள். பின்னால் நின்ற ஜெசிந்தா அதைப் பார்த்தாள். தன் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி பரவியதை உணர்ந்து, வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

காணைக்குத் திரும்பும் சாலையில் இருபுறமும் கரும்பு ஆடிக்கொண்டிருந்தது. பொன்னியின் பின்னால் ஜெசிந்தா பொட்டலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மல்லாட்டையத் தோலோட வறுக்கறியா, உரிச்சிட்டு வறுக்கறியா?” என்று பொன்னி ஸ்கூட்டரை ஓட்டியபடியே கேட்டாள்.

“அத மட்டும் கேக்காத” என்றாள் ஜெசிந்தா.