கூப்பிட்டாச்சு

மறுதேர்வு இரண்டு மணிக்கு. நான் ஒன்றே முக்காலுக்கே போய்ப் பயிற்சி அறையைத் திறந்துவிட்டேன். மூன்று நாள் பூட்டிக் கிடந்த அறை. ரப்பர் வாசனை, ஸ்பிரிட் வாசனை, கட்டிலில் காலை மடக்கிப் படுத்திருக்கும் பொம்மை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பிரசவம் பார்க்கப் படிக்கும் பெண்கள் அந்தப் பொம்மைக்கு வைத்த பெயர் பெரியம்மா. வாரத்துக்கு முப்பது பிள்ளை பெறுவாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவளுக்காகப் பேசுவது நான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கை அழுத்தினால், பொம்மையின் தலைக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் என் குரல் வரும். வலிக்குது சிஸ்டர், தலை சுத்துது சிஸ்டர் என்று பதினெட்டு வருஷமாக முனகியிருக்கிறேன். வீட்டில் நிஜமாகவே தலைவலி என்றால்கூட என் கணவர் நம்புவதில்லை.

அன்று பரீட்சைக்கு ஒருத்திதான். தோழிகள் அவளைப் பட்டியல் என்று கூப்பிடுவார்கள். நான் எழுதிக் கொடுத்த நாற்பது படிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் ஒப்பிப்பாள். பயிற்சி முடிந்ததும் ஒரு தாள் கொடுப்போம். 'தனியாகச் சமாளிக்க முடியும் என்று நம்புகிறீர்களா?' என்ற கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வட்டம் போட்டிருந்தாள். அந்தத் தாளை முதல்வரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டவள் நான்.

பிறகு வார்டில் அது நடந்தது.

பிறந்த பிள்ளை அழவில்லை. மூத்த நர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார். தாயோடு பட்டியல் மட்டும். அப்போதுதான் தாய்க்கு இரத்தம் போக ஆரம்பித்தது. பட்டியல் பயப்படவில்லை. வயிற்றை அழுத்தித் தேய்த்தாள், நாடி பார்த்தாள், "டாக்டரைக் கூப்பிட்டாச்சு" என்று உரக்கச் சொன்னாள்.

சொன்னாள், அவ்வளவுதான்.

எங்கள் பயிற்சி அறையில் போன் கிடையாது. சுவரில் ஒரு போன் படம் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்து 'கூப்பிட்டாச்சு' என்றால் போதும், ஒரு மதிப்பெண் போட்டு அடுத்த படிக்குப் போகச் சொல்லிவிடுவேன். வார்டில் நிஜப் போன் மூன்றடி தூரத்தில் இருந்தது. அவள் பதினோரு நிமிஷம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே, யாரோ அடுத்த படியைச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மூத்த நர்ஸ் திரும்பி வந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. பிள்ளை பிழைத்தது, அந்தத் தாய் பிழைக்கவில்லை.

விசாரணையிலும் அவள் கூப்பிட்டேன் என்றேதான் சொன்னாள். போன் பதிவில் ஒரு அழைப்பும் இல்லை. பொய் சொல்கிறாள் என்று எழுதி ஆறு மாதம் வெளியே அனுப்பினார்கள். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். பதினெட்டு வருஷத்து நல்ல பெயர் கண்முன் நின்றது. வாயைத் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வந்த இந்த மறுதேர்வில் தவறினால் அவள் படிப்பு முடிந்தது.

வந்தாள். சீருடை தோளில் தொங்கியது. என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று மட்டும் சொன்னாள். "அந்தம்மா என்னை சிஸ்டர்னு கூப்பிடல மேடம். தங்கச்சின்னுதான் கூப்பிட்டாங்க."

கண்ணாடிக்குப் பின்னால் முதல்வர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குழாயைத் திறந்தேன். சிவப்புச் சாயத் தண்ணீர் பொம்மையின் கீழிருந்து கசிந்து விரிப்பில் பரவியது. அவள் தேய்த்தாள், நாடி பார்த்தாள். எல்லாம் வரிசைப்படி நடந்தது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"டாக்டரைக் கூப்பிட்டாச்சு."

மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தேன்.

"யாரும் வரலையே."

ஸ்பீக்கரில்தான் வந்தது. பெண் குரல், களைத்துப்போன குரல். முதல்வர் என் பக்கம் குனிந்து, எழுதியிருப்பதை மட்டும் பேசுங்கள், அந்தப் பெண்ணைக் குழப்பாதீர்கள் என்று கிசுகிசுத்தார்.

என் ஒரு கையில் பேனா இருந்தது. இன்னொரு கை மடியில் இருந்தது.

மைக்கின் விளக்கு எரியவில்லை.

சாயத் தண்ணீருக்கு வாசனை கிடையாது. ஆனால் தடுப்பைத் தாண்டி ஒரு வாடை வந்தது. பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாடை எதுவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"கூப்பிட்டேன்னு சொன்னியே, தங்கச்சி. யாரும் வரலையே."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அதில் கோபமே இல்லை. தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூச்சப்பட்டுக் கேட்பது போல இருந்தது.

பட்டியலின் கைகள் வயிற்றின் மேல் அப்படியே நின்றுவிட்டன. ரப்பர் சூடாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். பொம்மையின் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள்.

"இருங்கக்கா. இப்பக் கூப்பிடறேன்."

ஓடினாள். கதவு சுவரில் மோதியது. நடைபாதை முழுக்க அவள் குரல் கேட்டது. படிகளைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத பெண் டாக்டர், டாக்டர் என்று கட்டிடம் அதிரக் கத்தினாள். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த டாக்டர் ஒருவரும் இரண்டு நர்ஸுகளும் பதறிப்போய் அவள் பின்னால் ஓடி வந்தார்கள். வந்து பொம்மையைப் பார்த்தார்கள். டாக்டர் திட்டுவதற்காக வாயெடுத்தவர், மூக்கைச் சுருக்கிக்கொண்டு, பொம்மையின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முதல்வர் தாளை இழுத்தார். தாயைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பது பதினேழாவது படி. எழுதியது நான்தான். விட்டுப் போனால் தோல்வி.

"எழுதாதீங்க," என்றேன். "அவ அன்னைக்கும் பொய் சொல்லல. வாயால சொன்னாப் போதும்னு பழக்கினது நான். அங்க பாருங்க, போனா இருக்கு, படம்தானே இருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

முதல்வர் எழுந்துபோய் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்தார்.

விசாரணையை மறுபடி நடத்தினார்கள். பட்டியல் வகுப்புக்குத் திரும்பினாள். பாடம் எடுக்கக் கூடாது என்று என்னை நிறுத்தினார்கள். நியாயம்தான். புதிய ஆசிரியை வரும்வரை அறையைச் சுத்தம் செய்யும் வேலையும் சாவியும் மட்டும் என்னிடம். சுவரில் இப்போது நிஜப் போன் இருக்கிறது. இனி அந்தக் குரல் வராது என்று நினைத்தேன். கேட்டதற்கு ஆள் வந்துவிட்டதே.

முதல் நாள் மதியம், வயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, பொம்மையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி இரண்டு.

துணி பட்ட இடம் சூடாக இருந்தது.

"தங்கச்சி."

துணியைக் கீழே வைத்தேன்.

"குழந்தை அழுதுச்சா?"

நாற்பது படிகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிள்ளையைத் துடைக்க, போர்த்த, எடை பார்க்க, எல்லாவற்றுக்கும் படி இருக்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று தாயிடம் சொல்வதற்கு ஒரு வரி இல்லை. பொம்மைக்கு எதற்கு என்று விட்டிருப்பேன். பட்டியலில் இல்லாததை அந்தப் பெண்ணும் சொல்லியிருக்க மாட்டாள். பதினோரு நிமிஷமும் அந்தத் தாய் பக்கத்து அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பாள்.

பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுதுச்சும்மா," என்றேன். "பக்கத்து ரூம்ல நல்லா அழுதுச்சு. உனக்குத்தான் கேட்கல. பொண்ணு. அவ அப்பாகிட்ட நல்லா இருக்கா."

நீளமாக ஒரு மூச்சு கேட்டது. ரப்பர் மெல்லக் குளிர்ந்தது. இத்தோடு சரி, தெரிந்துகொண்டு போய்விட்டாள் என்று கதவைப் பூட்டினேன்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கேட்டாள். முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள்.

அதற்கடுத்த நாளும் கேட்டாள்.

விடுமுறை நாளிலும் போகிறேன். பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. புதிய ஆசிரியை அடுத்த வாரம் வருகிறாராம். சாவியைக் கொடுக்கும்போது அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இரண்டு மணிக்கு யாராவது ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.