படிகத்தைச் சுற்றியிருந்த துளி

காலை 9.10. படிகத்தில் டி.என்.ஏ. இல்லை.

புற ஊதா விளக்கின் மேலிருந்த ஜெல்லை இயக்குநர் குனிந்து குனிந்து பார்த்தார். டி.என்.ஏ. இருந்தால் ஒளிர வேண்டிய கோடு ஒன்றுகூட இல்லை.

"பதினோரு மணிக்கு ஆய்வை மதிப்பிடக் குழு வருது. இதைத்தான் காட்டுவேன். இனிமே இந்தப் பொண்ணுக்கு எந்த ஆய்வுக்கூடத்துலயும் வேலை கிடைக்காது."

புரதத்தை டி.என்.ஏ.வோடு சேர்த்துப் படிகமாக்கியதாகச் சொல்லி, வெளியூர் ஆய்வுக்கூடத்தில் தலைமைப் பதவிக்கு அழைப்பு வாங்கியிருந்தவள் அவள். அழுது நேரத்தை வீணாக்காமல் நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்.

போலீஸ்காரர்கள் உட்கார்ந்து யோசிப்பதெல்லாம் சினிமாவில்தான். வந்ததிலிருந்து இன்ஸ்பெக்டருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா."

"கண்ணாடி வில்லையில புரதமும் டி.என்.ஏ.வும் கலந்து ஒரு துளி விடுவேன், அண்ணி. வில்லையைத் தட்டுல இருக்கிற குழி மேல கவுத்து, கிரீஸ் வச்சு ஒட்டிடுவோம். துளிக்குள்ள படிகம் வளரும். டி.என்.ஏ. உள்ள போச்சான்னு கண்ணால பாத்தா தெரியாது. படிகத்தைக் கழுவி, கரைச்சு, ஜெல்லுல ஓட்டினாத்தான் தெரியும்."

பக்கத்தில் நின்ற கணவன், இன்ஸ்பெக்டரின் தம்பி, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அவனும் அங்கேதான் வேலை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே புரதத்தை டி.என்.ஏ. சேர்க்காமல் வளர்ப்பவன்.

"ஓயாம உழைச்சா, அக்கா. அசதியில டி.என்.ஏ. போட மறந்திருப்பா."

"ஆமா, சுத்தியிருந்த துளியையும் ஓட்டிப் பாத்துட்டேன்," என்றார் இயக்குநர். "அதுலயும் இல்ல."

இன்ஸ்பெக்டரின் நடை சட்டென்று நின்றது.

"தட்டு வைக்கிற அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும்," என்றான் தம்பி.

"உன் தட்டை எப்ப தொட்ட?"

"வில்லையை ஒட்டினதோட சரி. வளர்றப்ப கை வைக்க மாட்டோம்."

அலமாரியில் இரண்டு தட்டுகளும் அருகருகே இருந்தன. தம்பியின் தட்டில் ஒரே ஒரு குழியின் விளிம்பில் மட்டும் கிரீஸ், வில்லையை எடுத்து மறுபடி ஒட்டியதுபோல, இரட்டை வளையமாகப் பதிந்திருந்தது.

"டி.என்.ஏ. படிகத்துக்குள்ள போகலன்னா, துளியில மிச்சம் இருக்கணும். ரெண்டுலயும் இல்லன்னா, ஒண்ணு இவ போடவே இல்ல. இல்லன்னா இது இவ வில்லையே இல்ல. சார், இந்தக் குழியில இருக்கிறதை ஓட்டுங்க."

"அதுல வெறும் புரதம்தான், அக்கா." தம்பி அவசரமாகத் தட்டை மறைத்து நின்றான்.

"அப்ப கோடு எதுவும் வராது. நீ ஏன்டா பதறுற?"

10.40. விளக்கின் மேல் ஒரு கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது.

"வில்லையை இடம் மாத்தினது நீதான்," என்றாள் இன்ஸ்பெக்டர். "சாவி ரெண்டு பேர்கிட்ட. தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்க இவளுக்குப் பைத்தியமா? இவ வில்லையை உடைச்சுப் போட்டிருந்தா நானும் ஏமாந்திருப்பேன். ஏன்டா வச்சிருந்த?"

"அவ உழைப்பு அக்கா... அழிக்க மனசு வரல." அவன் தலை நிமிரவில்லை. "என்னை விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயம்."

"சார், புகார் எழுதுங்க. விசாரணைக்கு வேற ஆளை அனுப்பச் சொல்றேன். இவன் என் கூடப்பிறந்தவன்."

மனைவி அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த வெளியூர் வேலை வேணாம்னு முடிவு பண்ணி வச்சிருந்தேங்க," என்றாள். "சோதனை முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

வாசலில் குழுவின் கார் வந்து நின்றது. அவள் ஜெல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அவனைக் கடந்து வெளியே போனாள்.