முந்தி வந்த குரல்

"அக்கா" என்று கூப்பிட்டாள். ரிசீவருக்குள்ளிருந்து அவள் குரலே, அரை நொடி கழித்து, "அக்கா" என்றது.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

"நான் பேசறது உனக்கு ரெண்டு தரம் கேக்குதா?"

"ஒரு தரம் கேக்கறதே அதிகம்."

தங்கை, தலைமை அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அக்கா இருப்பது நாலு கிலோமீட்டர் தள்ளி, சதுப்பு நிலத்துக்கு அப்பால், ஆவணக் கிடங்கில், தனியாக. அங்கே முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒரு மத்தியானம் யாரோ தட்டுகிறார்களென்று போனில் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். ஆட்கள் போய்ப் பார்த்தபோது கதவு விரியத் திறந்திருந்தது, மேஜைமேல் டீ இன்னும் சூடாக இருந்தது, அவரைத்தான் காணோம். இன்றுவரை காணோம். அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. யார் போனாலும் முதலில் தலைமை அலுவலகத்தில் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் போன் செய்து "திறக்கலாம்" என்றால்தான் கிடங்குக் கதவு திறக்கும். வேறு யாரும் போக மறுத்த அந்த வேலைக்கு அக்கா போனதே அந்த விதியை நம்பித்தான். "பெரிய ஆபீசரே வந்து நின்னாலும் உன் குரல் கேட்டாத்தான்டி திறப்பேன்" என்றிருந்தாள்.

மண்ணுக்கடியில் போன பழைய கம்பி மக்கிப்போனதால், போன வாரம்தான் லைன்மேன் வந்து இங்கே ஒரு பெட்டியும் அங்கே ஒரு பெட்டியும் வைத்து, நடுவில் கம்ப்யூட்டர் லைனில் இணைத்துவிட்டுப் போனார். போன்கள் மட்டும் அதே பழசு. புகார் சொன்னதும் மறுபடி வந்தார்.

"பழைய போன்ல போற பேச்சும் வர்ற பேச்சும் ஒரே ஜோடி கம்பியிலதாம்மா. அந்தக் கோடியில கொஞ்சம் ஒழுகித் திரும்பி வரும். முன்னெல்லாம் உடனே வந்துடும், காதுக்குத் தெரியாது. இப்ப பேச்சைத் துண்டு துண்டா நறுக்கி அனுப்பி அங்க ஒட்டறோம். நேரம் பிடிக்குது."

"நிறுத்த முடியாதா?"

"பெட்டியே பார்த்துக்கற மாதிரி வச்சுடறேன். ஒரே பேச்சு ரெண்டு தரம் வந்தா, முந்தி வந்தது அசல், பிந்தி வந்தது நகல். நகலை அழிச்சிடும்."

"எது அசல்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"அது ஆளைப் பார்க்காதும்மா. யார் முந்திங்கறதை மட்டும்தான் பார்க்கும்" என்று மடிக்கணினியை மூடினார்.

இரண்டு நாள் ஒரு தொல்லையும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வானம் இருட்டியதைப் பார்த்து ஆட்கள் ஒவ்வொருவராக நழுவிவிட, அந்த நீளமான கூடத்தில் ஈரக் குடைகளின் நாற்றமும், பசையின் புளித்த வாடையும், மேஜைக்கடியில் பெட்டி சூடேறிக் கிளப்பிய பிளாஸ்டிக் நெடியும் மட்டும் தங்கின. கடைசி மேஜையில் தபால் பிரிவுக்காரர் உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். டொக். டொக். அந்தச் சத்தம் துணையாக இருக்க, அவள் கிடங்குக்குப் போன் போட்டாள். மழை அங்கே எப்படி என்று கேட்க வாயெடுத்தாள்.

"மழை அங்க எப்படிக்கா?" என்றது ரிசீவர்.

அதன் பிறகுதான் அவள் உதடு அதையே சொல்லி முடித்தது.

"கொட்டுதுடி" என்றாள் அக்கா.

பிரமை என்று நினைத்தாள். சோதித்துப் பார்த்துவிடலாம், சம்பந்தமே இல்லாத ஒரு வார்த்தை. ஊசி. நினைத்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி" என்றது ரிசீவர்.

"ஊசியா? எதுக்குடி ஊசி?"

நான் சொல்லலக்கா என்று சொன்னாள். சொன்னது அவள் காதிலேயே விழவில்லை. தலையணையில் முகம் புதைத்துப் பேசியதுபோல, அதைவிடவும் குறைவாக.

"சும்மாதான்க்கா" என்றது அவள் குரல். சிரித்தது. சிரிப்பின் கடைசியில் அவளுக்கு எப்போதும் வரும் அந்தச் சின்ன விக்கல்கூட இருந்தது. "ஆள் வருவாங்க. திறக்கலாம்."

"யாரு?"

"நான் அனுப்பினவங்கதான்."

அவள் ரிசீவரை அடித்து வைத்தாள். மறுபடி எண்ணைச் சுழற்றினாள். எங்கேஜ்டு. வைத்துவிட்டுச் சுழற்றினாள். எங்கேஜ்டு. அவள்தான் வைத்துவிட்டாளே, அக்கா யாரோடு பேசுகிறாள்? ஆபரேட்டருக்கு மட்டும் உள்ள பொத்தான் ஒன்று உண்டு, யார் பேச்சுக்கு நடுவிலும் நுழையலாம். அழுத்தினாள்.

உள்ளே இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும், அவளும்.

"உனக்கு அப்பவே அந்தப் புத்திடி" என்றாள் அக்கா. பிறகு, "இரு, தட்றாங்க."

"அவங்கதான். போய்த் திற."

திறக்காதே என்று கத்தினாள். தொண்டை கிழிய. ரிசீவரில் ஒன்றும் போகவில்லை.

"வச்சிடாதே, வரேன்." ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம். செருப்பு. படிகள்.

அவள் ரிசீவரைப் போட்டுவிட்டுத் தபால் பிரிவுக்காரரிடம் ஓடினாள். அண்ணே, கிடங்குக்கு ஆள் அனுப்புங்க. அண்ணே. வாய் அசைந்தது. நாக்கு அசைந்தது. கூடத்தில் டொக், டொக் மட்டும்.

தூரத்தில், அவள் மேஜைமேல் கிடந்த ரிசீவருக்குள், முதல் தாழ்ப்பாள் விலகியது.

அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் நிமிர்ந்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதுபோல அவள் முகத்தின் ஊடாகப் பார்த்து, பின்னாலிருந்த அவளுடைய காலி நாற்காலியிடம் கேட்டார்.

"கூப்பிட்டியாம்மா?"

"இல்லண்ணே" என்றது அங்கிருந்து அவள் குரல். "அக்காகிட்ட பேசிட்டிருக்கேன்."

"பேசு, பேசு."

இரண்டாவது தாழ்ப்பாள். கதவு இழுபட்டது. மழைச் சத்தம் பெரிதாக உள்ளே வந்தது.

"வாங்க" என்றாள் அக்கா, மரியாதையாக.

அப்புறம் மழை மட்டும். வெகுநேரம். பிறகு யாரோ படியேறி வந்தார்கள், செருப்பில்லாமல். மேஜைமேல் கிடந்த அக்காவின் ரிசீவரை எடுத்தார்கள். மூச்சு விட்டார்கள். மெல்ல, பத்திரமாக, அதை இருந்த இடத்தில் வைத்தார்கள்.

தபால் பிரிவுக்காரர் அடுத்த உறையை எடுத்தார். அவர் முத்திரை குத்தும் இடத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில், வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைக்க, அவள் கத்திக்கொண்டே நின்றாள்.