எதிர்வயிற்றுக்கு ஊற்றிய நெய்

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர்கள்: சுவரோரம் சௌந்தரபாண்டி, அவருக்கு எதிரே மருந்துக்கூடத்து ஆய்வாளர் நஸீரா, இருவருக்கும் நடுவே, தனிப் பலகையில், எதிர்வயிறு. பரிமாறுகிற தவமணி, சௌந்தரபாண்டியின் மனைவி, அடுப்படிப் பக்கம் நின்றாள்.

எதிர்வயிறு என்பது தோண்டி அளவுள்ள கண்ணாடிக் குடம். கோவில்பட்டியில் தினசரி மாத்திரை சாப்பிடும் ஆள் இருக்கிற வீட்டிலெல்லாம் ஒன்று உண்டு. ஆள் உண்பதை அதற்கும் போட வேண்டும். உள்ளே அமிலம் ஊறும், பித்தம் சுரக்கும். அந்தச் சோற்றோடு மாத்திரை எவ்வளவு கரைகிறது என்று அது கணக்கிடும். அதற்கேற்ற மாத்திரையை மறுநாள் குடத்தோடு இணைந்த அச்சுப்பெட்டி வார்த்துத் தரும். வலிப்பு வந்து நடுத்தெருவில் விழுவதெல்லாம் ஊரில் பழங்கதையாகிவிட்டது.

சௌந்தரபாண்டி மட்டும் விழுந்துகொண்டே இருந்தார். குடத்தில் மாத்திரை முழுசாய்க் கரைகிறது. அவர் இரத்தத்தில் பாதிகூட இல்லை. துப்பிவிடுகிறார் என்று மருந்துக்கூடம் சந்தேகப்பட்டது. இன்று நஸீராவுக்கும் காரணம் பிடிபடாவிட்டால் அவரை மதுரைப் பத்தியக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே குழாயில் கூழ். வீட்டுச் சோறு இனிக் கிடையாது.

“நெசமாவே துப்புறீங்களா?” முந்தின நாள் தவமணி அழுதுகொண்டே கேட்டிருந்தாள்.

“ஒன் ரசத்தையே முழுங்குறவன், மாத்திரையத் துப்புவனா?” என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

இப்போது முதல் கரண்டி குடத்துக்குப் போனது. சோறு, பருப்பு, அதன்மேல் உருக்கின நெய் தாராளமாய். பிறகு கணவர் தட்டுக்குச் சோறும் பருப்பும்.

“அக்கா, ஒரு நிமிசம்.” நஸீரா கையை நீட்டித் தடுத்தாள். “அண்ணனுக்கு நெய்?”

“அவுகளுக்கு நெய் ஊத்துறதில்ல தாயி. மொத மொதல்ல விழுந்தது ஒரு கல்யாணப் பந்தியில. எல நெறைய நெய். அன்னைக்கோட நிறுத்திட்டேன்.”

“அப்ப இதுக்கு?”

தவமணி அவளை விசித்திரமாய்ப் பார்த்தாள். “அது நம்ம வீட்டுக்கு வந்தது தாயி. வந்தவுகளுக்கு வெறுஞ்சோறா போடுவாக?”

குடம் காற்றுக்குழாய் வழியே மெல்ல ஏப்பம் விட்டது.

நஸீராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அக்கா, இந்த மாத்திரை தண்ணியில கரையாது. கொழுப்பு உள்ள போனாத்தான் பித்தம் நல்லாச் சுரந்து அதக் கரைக்கும். நீங்க ஊத்துற நெய்யில குடத்துக்குள்ள எல்லாம் கரைஞ்சிருது. ‘இவருக்குக் கொஞ்சம் போதும்’னு அச்சுப்பெட்டி சின்ன மாத்திரையா வாக்குது. வெறும் பருப்புச்சோத்துல அண்ணனுக்கு அதுவும் பாதி கரையாமப் போயிருது.”

“அப்ப நெய்யால வலிப்பு வரலையா?”

“அன்னைக்குப் பந்தியில நெய் இல்லாட்டியும் வந்துருக்கும்க்கா.”

தவமணி கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் விழுந்த ஒவ்வொரு தடவையும் தலையைத் தாங்கிய கை அது.

“நானே ஒங்கள விழ வச்சிருக்கேனே.”

“விடு புள்ள,” என்றார் சௌந்தரபாண்டி. “கண்ணாடிக் கொடத்துக்குப் போட்டியா நெய் கேட்டா கேவலமாப் போயிருமேன்னு நானும் வாயத் தொறக்கல.”

நஸீரா கிளம்புமுன் ஒன்று சொன்னாள்: விளக்கத்தைத் தவமணி கைப்பட எழுதித் தபால்பறவையிடம் கொடுத்தனுப்ப வேண்டும். எந்திரம் எழுதிய விளக்கத்தை மருந்துக்கூடம் ஏற்பதில்லை. நெய்யை நிறுத்துவதா, ஊற்றுவதா, எதுவானாலும் இருவருக்கும் ஒன்றுபோல என்று அதில் இருக்க வேண்டும்.

தவமணி யோசித்து யோசித்து எழுதினாள்.

‘ஐயா, தவறு என்னுடையது. என் கணவர் மாத்திரையைத் துப்பவில்லை. குடத்துக்கு நெய்யை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. ஆகையால் இன்று முதல் அவருக்கும் அதே கரண்டியால் அதே அளவு ஊற்றுகிறேன். அதற்குத் தக்க மாத்திரை வார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் வீட்டிலேயே சாப்பிடட்டும்.’

உறையை ஒட்ட, இப்போது நெய் ஊற்றியிருந்த அவர் தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்தாள். நெய் வழுக்கியது, ஒட்டவில்லை. சௌந்தரபாண்டி சத்தமாய்ச் சிரித்தார். அவள் பானையிலிருந்து வெறுஞ்சோறு ஒரு பருக்கை எடுத்து வந்து, நசுக்கித் தேய்த்து, கட்டைவிரலால் அழுத்தி, சன்னலில் காத்திருந்த தபால்பறவையின் காலில் கடிதத்தை மாட்டினாள். அது எழும்பிப் பறந்தது.