அவள் வருகிற இடங்கள்

வெட்டின பிறகு வீடியோ நீளமாகியிருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆரம்பத்தில் ஒரு துண்டை நறுக்கிவிட்டுத்தானே சேமித்தாள்? நியாயமாகப் பார்த்தால் ஃபைல் இளைத்திருக்க வேண்டும். இதுவோ முன்னைவிடப் பெருத்துப்போய் உட்கார்ந்திருந்தது. இந்தக் கம்ப்யூட்டருக்குக்கூட என்னைக் கண்டால் இளக்காரம்தான் என்று நினைத்துக்கொண்டாள். மேசைக்கு அடியில் அதன் ஃபேன் இரைந்து, சூடான தூசி வாசனையை முகத்தில் அடித்தது.

அவள் குழந்தை வாண்டுக்குத் தூக்கத்தில் வலிப்பு வருகிறது. டாக்டர் முன்னால் மட்டும் வராது. அங்கே போய் நின்றால் சமர்த்தாகச் சிரித்துக்கொண்டு பொம்மை கேட்கும். டாக்டர்களும் அவளை ஒரு மாதிரி பார்த்து, பயந்த அம்மாவுக்கு எழுதுகிற சத்து டானிக்கை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். புதிதாகக் கிடைத்த நரம்பு டாக்டர்தான் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். வலிப்பு மட்டும் போதாதாம். அதற்கு முன்னால் தூக்கத்தில் கை எப்படித் துடிக்கிறது என்றும் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டுத்தான் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வார். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கமோ பெரிய ஃபைலை வாங்காது. இன்று சாயங்காலம் பூட்டுவதற்குள் வரவில்லையென்றால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது என்று அங்கே போனை எடுத்த பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்.

நேற்று மத்தியானம் குழந்தை தூங்கும்போது போனை அலமாரியில் சாய்த்து வைத்து எடுத்தது. அதில் பாதி நேரம் இவள்தான். போர்வை போர்த்த வருகிறாள். ஜன்னல் சாத்த வருகிறாள். ஒன்றும் இல்லாவிட்டாலும் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வருகிறாள். பச்சை நைட்டியும் அவிழ்ந்த கொண்டையுமாக அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். குழந்தையின் கை எது, தலையணை எது என்றே தெரியாமல் போனது. வெளியூர் வேலைக்குப் போயிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"உன் மூஞ்சியப் பார்த்து டாக்டர் என்ன பண்ணப் போறாரு? நீ வர்ற இடத்தையெல்லாம் வெட்டி எறி" என்றான் அவன்.

சரி என்று போர்வையோடு வருகிற இடத்தை வெட்டினாள். அதற்குத்தான் இந்த லட்சணம்.

ஓட்டிப் பார்த்தாள். வெட்டின இடம் ஒழுங்காகத்தான் போயிருந்தது. ஆனால் கடைசியில், படம் முடிய வேண்டிய இடத்தில், முடியவில்லை. கதவு திறந்தது. பச்சை நைட்டி. கையில் போர்வை. வெட்டின துண்டை இந்தச் சனியன் வாலில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. பல்லைக் கடித்துக்கொண்டு வாலை வெட்டினாள், கையோடு ஜன்னல் சாத்துகிற இடத்தையும் வெட்டினாள், சேமித்தாள். பச்சைக் கோடு இன்ச் இன்ச்சாக நகர்ந்தது. பக்கத்து அறையில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்த குழந்தையின் மூச்சு, ஒருக்களித்த கதவு வழியாகச் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னும் பெரிதாகியிருந்தது.

இந்தத் தடவை கடைசியில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் போர்வையோடு ஒருத்தி. பின்னாலேயே இன்னொருத்தி, ஜன்னலைப் பார்த்துப் போனாள். அதே நைட்டி, அதே கொண்டை. இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லியும் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஏனென்றால் ஜன்னலுக்குப் போனவளுக்குப் போர்வைக்காரி ஒதுங்கி வழி விட்டாள்.

மறுபடி கணவனைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பான். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி பூட்டிவிடும். பயப்பட இப்போது நேரமில்லை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ஒரு குழந்தைக்கு வைத்தியம் பார்க்க இத்தனை பாடா?

வெட்டினாள். நெற்றியைத் தொடுகிற இடம். வெட்டினாள். வாலில் மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், வெளியே போகவில்லை. பார்க்காதே, வெட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினாள். வெட்டினதையெல்லாம் குப்பைத்தொட்டியில் போட்டு அதையும் காலி செய்தாள்.

மிச்சம் ஒரே ஒரு இடம்தான். வலிப்பு வந்து குழந்தை விறைக்கிறது. இவள் ஓடி வருகிறாள். அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லடா, அம்மா இருக்கேன்டா என்று அழுகிறாள். அங்கே மட்டும் கை நின்றது. இதை வெட்ட மனசு வரவில்லை. ஆனால் டாக்டருக்கு வேண்டியது அதற்குள் முடிந்துவிடுகிறது. ஃபைல் இன்னும் கொஞ்சம்தான் இளைக்க வேண்டும்.

வெட்டினாள்.

ஃபைல் சட்டென்று சுருங்கியது. ஓட்டிப் பார்த்தாள். கட்டிலில் குழந்தை மட்டும். கை துடிக்கிறது, உடம்பு விறைக்கிறது, யாரும் வரவில்லை, படம் முடிகிறது. வாலில் ஒன்றும் இல்லை. அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தபோது ஆஸ்பத்திரி பூட்ட இன்னும் நேரம் இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்தாள். இவ்வளவு நேரம் இரைந்த ஃபேன் ஓய்ந்தது.

அப்போதுதான் பக்கத்து அறைச் சத்தம் கேட்டது.

யாரோ போர்வையை உதறுகிறார்கள். ஜன்னல் கொக்கி விழுகிறது. குழந்தை எழுந்துவிட்டது போல. எழுந்து விளையாடுகிறது. குழந்தைக்கு ஜன்னல் கொக்கி எட்டாது. எட்டவே எட்டாது.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

தேங்காய் எண்ணெய் வாசனை. அவளுடைய தலை வாசனை, அறை முழுக்க. ஜன்னல் சாத்தி அரையிருட்டு. கட்டிலின் கால்மாட்டில் பச்சை நைட்டி, போர்வையை மடித்துக்கொண்டு. ஜன்னல் ஓரம் ஒன்று. தலைமாட்டில் குனிந்து, நெற்றியில் கை வைத்தபடி ஒன்று. கட்டில்மேல் ஒருத்தி. அவள் மடியில் வாண்டு.

"வாண்டு" என்றாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. ஆஸ்பத்திரியில் புது நர்ஸைப் பார்க்கிற பார்வை. பார்த்துவிட்டு மடியில் இருந்தபடியே முகத்தைத் திருப்பி அந்த நைட்டிக்குள் புதைத்துக்கொண்டது.

"அம்மா, யாரும்மா அது?"

கட்டிலில் இருந்தவள் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஒன்றுமில்லடா, அம்மா இருக்கேன்டா. மற்ற மூவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள். போர்வைக்காரி மடிப்பைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தாள். கிட்ட வந்தாள். முகம் தெரியாதவர்களிடம் இவள் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"குழந்தை பயப்படுதுங்க" என்றாள், இவளுடைய குரலிலேயே, தணிவாக. "கொஞ்சம் வெளியே இருங்க."

கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.